கினிமா சென்ட்ரல் என்னும் படக்கொட்டகையின் வரலாறு

முகவுரை

 

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலையும் குளத்தையும் கோட்டையையும் ஆராய்ந்து, கல்வெட்டும் செப்பேடும் தேடிப் பொருள் விளக்குதல் மரபு. நம் இதழிலும் அம்மரபு பற்றியே மடங்களும் சத்திரங்களும் நம் குலப் பெரியோர் செய்த திருப்பணிகளும் பலகாற் பேசப்பட்டு வந்துள்ளன. அவை பேசத் தக்கனவே. ஆயின், மக்கள் பல்லாயிரவர் பல்லாண்டு கூடியிருந்து நகைத்தும் அழுதும் வியந்தும் மகிழ்ந்த இடமொன்று, கல்வெட்டும் இன்றிச் செப்பேடும் இன்றி மறைந்துபோமாயின், அதன் வரலாற்றை எழுதுவார் யார்? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

அண்மையில் ஒருநாள் வகுப்பில் மாணாக்கரை நோக்கி, "தரை டிக்கட்டு என்பது யாது?" என்று வினவினோம். நாற்பதின்மர் இருந்த வகுப்பில் ஒருவர்க்கும் விடை தெரிந்திலது. ஒரு சிறுவன் மட்டும், "தரைக்கும் டிக்கட்டு வாங்க வேண்டுமோ, ஐயா?" என்று எம்மையே திருப்பிக் கேட்டான். வகுப்பு முழுதும் நகைத்தது, யாமும் நகைத்தோம். ஆயினும் வீடு திரும்பும் வழியில் அந்நகை எம்மை வருத்திற்று. பாட்டன் அறிந்த ஒரு சொல் பேரனுக்கு விளங்காதாயின், அச்சொல்லொடு சேர்ந்து ஒரு வாழ்க்கையும் மறைந்தது என்பதன்றோ பொருள்?

ஆகவே, தமிழ் பேசும்படம் முதன் முதலாக மக்கள் கண்ணுக்கும் செவிக்கும் விருந்தாகிய படக்கொட்டகையின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறத் துணிந்தோம். அஃது அமைந்திருந்தது சென்னைப் பட்டினத்தில். அதன் பெயர் கினிமா சென்ட்ரல். பின்னாளில் அது முருகன் டாக்கீஸ் என வழங்கிற்று. தணிகைப் பெருமானின் திருவடி நிழலில் வாழும் நமக்கு அப்பெயர் ஒன்றே அதன்பால் அன்பு பிறப்பிக்கப் போதியதாம். "படக்கொட்டகைக்கும் குலச் சங்கத்து இதழுக்கும் யாது இயைபு?" என்று அன்பர் சிலர் ஐயுறுதல் கூடும். இயைபு உண்டென்பதை இறுதியிற் காட்டுவோம். அதுகாறும் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

இடத்தின் இயல்பு

சென்னையில் ஜார்ஜ் டவுன் எனப்படும் பழைய பேட்டையில், தங்கசாலைத் தெருப் பகுதியில் அக்கொட்டகை இருந்தது. கும்பினியார் நாணயம் அடித்த சாலை அங்கு இருந்தமையின் தெருவுக்குத் தங்கசாலை என்னும் பெயர் வந்தது. அதற்கு மேற்கே செல்லும் வால்டாக்ஸ் சாலையின் பெயர்க்காரணமும் சுவையுடையது. ஹைதர் அலியின் படையெடுப்புக்கு அஞ்சிக் கும்பினியார் நகரின் இப்பகுதியைச் சுற்றி மதில் எழுப்பினர். அம்மதிலின் செலவுக்காகக் குடிகளிடம் வரி வாங்கக் கருதினர். வரி தண்டப்படவில்லை, மதிலும் பெரும்பாலும் அழிந்தது, வரியின் பெயர் மட்டும் சாலைக்கு நின்றது. பொருள் அழிந்து பெயர் நிற்றல் அப்பேட்டைக்குப் பழைய வழக்கம் போலும்!

தமிழறிந்தார்க்கு அத்தெரு திருத்தலம் போன்றது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் சென்னையில் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலை தங்கசாலைத் தெருவிலேயே இருந்தது. பிழையற்ற பதிப்புக்கு இலக்கணமாய் விளங்கிய நூல்கள் பல ஆண்டு அச்சாயின. அதற்கு அணித்தாகிய ஏழுகிணற்றுப் பகுதியில் இராமலிங்க அடிகள் இளமைக்காலத்து வாழ்ந்தார். கந்தகோட்டத்து முருகனையும் நம் தணிகை முருகனையும் அவர் பாடிய பாக்கள் பல. சென்னைத் தெருவொன்றில் இருந்துகொண்டு நம் மலையை நெஞ்சால் கண்டு பாடிய பெரியார் வாழ்ந்த இடத்தின் அருகில், ஒரு நூற்றாண்டு கழிந்த பின் முருகன் பெயரால் ஒரு படக்கொட்டகை விளங்கிற்று.

அப்பேட்டையில் தமிழர் மட்டும் வாழ்ந்தாரல்லர். தெலுங்கு வணிகரும், குஜராத்தியரும், மார்வாடியரும், சௌராட்டிரரும், இஸ்லாமியரும் தெருவுக்குத் தெரு கலந்து வாழ்ந்தனர். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு மொழியும் எதிர்த் திண்ணையில் மற்றொரு மொழியும் கேட்கும். இவ்வியல்பை அன்பர்கள் நினைவில் இருத்தல் வேண்டும். பின்னர் வரும் செய்திக்கு இது துணை செய்யும்.

மௌனப் படக் காலம்

பேசும்படத்துக்கு முற்பட்ட நிலையைச் சிறிது கூறுதும். சென்னையில் அசையும் படம் முதன் முதலாகக் காட்டப்பட்டது 1896-ஆம் ஆண்டில், விக்டோரியா பொது மண்டபத்திலாம். பாரிஸ் மாநகரில் லூமியேர் சகோதரர் பொதுமக்களுக்குப் படம் காட்டி ஓராண்டு நிறையும் அளவிலேயே அப்புதுமை நம் நாட்டை எய்தியது. 1905-இல் திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதை அலுவலகத்துச் சித்திரக்காரராய் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையையும் விட்டு, ஊர்தோறும் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் அவர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையைக் கட்டினார்.

சென்னையிலோ 1913-இல் வார்விக் மேஜர் என்னும் ஆங்கிலேயர் மவுண்ட் ரோட்டில் எலெக்டிரிக் தியேட்டரை நிறுவினார். அடுத்த ஆண்டிலேயே, மசூலிப்பட்டினத்தவரும் நிழற்படத் தொழிலிற் சிறந்தவருமாகிய ரகுபதி வெங்கையா கெயிட்டி என்னும் கொட்டகையை எழுப்பினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதற் படக்கொட்டகை அஃதே. பின்னர்த் தங்கசாலைத் தெருவிற் கிரௌன் கொட்டகையையும், புரசைவாக்கத்திற் குளோப் கொட்டகையையும் அவரே கட்டினார். வேலூரைச் சேர்ந்த ஆர். நடராஜ முதலியார் 1917-18-ஆம் ஆண்டளவில் 'கீசக வதம்' என்னும் மௌனப் படத்தை எடுத்துத் தென்னாட்டுப் படத் தொழிலுக்குக் கால்கோள் செய்தார். 1911-இல் சித்தூர் ஜில்லா அமையும்வரை நம் திருத்தணியும் வட ஆர்க்காட்டைச் சார்ந்ததே. ஆகலின் அவரை நம் பக்கத்தவர் என்று உரிமை கொண்டாடுதல் தவறாகாது.

கினிமா சென்ட்ரலும் முதலில் மௌனப் படங்களையே காட்டி வந்தது. மௌனப் படம் என்னும் பெயர் கேட்டு, கொட்டகையும் மௌனமாய் இருந்தது போலும் என்று இக்காலத்துப் பிள்ளைகள் எண்ணிவிடுவர். உண்மை அதற்கு மாறானது. திரையின் அருகில் ஆர்மோனியமும் தபலாவும் முழங்கும். திரையில் தோன்றும் எழுத்துக்களைப் படித்துக் கதை சொல்வதற்கென்றே ஒருவர் நிற்பார். எழுத்தறியாதார் மிகுதியாய் இருந்த அக்காலத்தில் அவர் குரலே படத்தின் குரல். வீரன் வாள் உருவினால் அவர் முழங்குவார். தாய் அழுதால் அவர் குரல் தழுதழுக்கும். ஒரே படம் ஒரு கொட்டகையில் ஒரு கதையாகவும், வேறொரு கொட்டகையில் வேறு சுவை உடையதாகவும் விளங்கியதற்கு அவரே காரணர். பேசும்படம் வந்ததும் அத்தொழில் அடியோடு மாண்டது. ஒரு புதுமை வரும்போது அதன் வண்டிச் சக்கரத்தில் நசுங்குவோரையும் வரலாறு குறித்து வைத்தல் வேண்டும்.

அரசாங்கத்தாரும் இப்புதுமையை வாளா நோக்கியிருந்தாரல்லர். 1918-இல் சினிமாச் சட்டம் இயற்றப்பட்டது. 1920-இல் சென்னை முதலிய நகரங்களில் தணிக்கைச் சபைகள் அமைந்தன. 1927-இல் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவும் ஏற்பட்டது. அக்குழு நாடெங்கும் சென்று பலரையும் வினவி 1928-இல் விரிவான அறிக்கை ஒன்றை அளித்தது.

பேசும்படம் வந்த நாள்

1931-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ஆம் நாள் பம்பாயில் 'ஆலம் ஆரா' என்னும் இந்திப் பேசும்படம் வெளிவந்தது. இந்தியாவின் முதற் பேசும்படம் அது. அதனை எடுத்த அர்தேஷிர் இரானி என்பார் அவ்வாண்டிலேயே தென்னாட்டார்க்கென ஒரு படம் எடுக்கக் கருதினார். எச். எம். ரெட்டி நெறியாள, நாடக மேடையிற் புகழ் பெற்ற டி. பி. ராஜலக்ஷ்மி தலைவியாய் நடிக்க, 'காளிதாஸ்' என்னும் படம் பம்பாயிலேயே உருவாயிற்று. அஃது 1931 அக்டோபர் 31-ஆம் நாள், சனிக்கிழமை, கினிமா சென்ட்ரலில் வெளியாயிற்று. பிரஜோற்பத்தி ஆண்டு ஐப்பசித் திங்கள் அது.

அப்படத்தின் சுருள்கள் அடங்கிய பெட்டிகள் சென்ட்ரல் இருப்புப்பாதை நிலையத்தில் வந்து இறங்கியபோது நிகழ்ந்தவற்றைப் பழைய திரைப்பட வரலாற்றாசிரியர் வியந்து எழுதியுள்ளனர். வால்டாக்ஸ் சாலையின் இருமருங்கும் மக்கள் திரண்டு நின்றனராம். பெட்டிகளை ஊர்வலமாய்க் கொண்டு சென்றபோது மலர் தூவினராம், தேங்காய் உடைத்தனராம், தூபம் காட்டினராம். தகரப் பெட்டிக்குத் தேங்காய் உடைத்தல் அறியாமை என்று நகைப்பாரும் உளர். யாம் நகையோம். தம் தாய்மொழி ஒரு பொறியின் வாயிலாகப் பேசப் போகின்றது என்று கேட்ட எளிய மக்கள், தாம் அறிந்த மரியாதையைத் தாம் அறிந்த முறையிற் செய்தனர். ஏடு தேடி எடுத்துவந்த பெரியாரை வணங்கும் நாம், மொழி ஏறி வந்த பெட்டியை வணங்கியவரை இகழ்தல் முறையன்று.

இவ்விடத்து நம் ஊரார்க்கு உரிய ஒரு குறிப்பைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. பம்பாயினின்று சென்னைக்கு வரும் இருப்புப்பாதை இராய்ச்சூர், குண்டக்கல், ரேணிகுண்டா வழியாக வந்து, நம் திருத்தணியைக் கடந்து, அரக்கோணத்தைச் சேர்ந்து சென்னை செல்கின்றது. ஆகவே, அச்சுருள்கள் அப்பாதையிற் புகைவண்டியில் வந்தனவாயின், சென்னையார் மலர் தூவுதற்குச் சில நாழிகைக்கு முன்னரே நம் மலையடியைக் கடந்திருத்தல் வேண்டும். அன்று நம் ஊர் நிலையத்தில் நின்றவர் எவரும் அதனை அறிந்திரார். தமிழ் முதன் முதலாகப் பேசவந்த பெட்டி, தமிழ்க் கடவுளின் மலையடியில் ஓசையின்றிச் சென்றது என்று எண்ணும்போது எம் உள்ளம் உருகுகின்றது.

படத்தின் மொழி

'காளிதாஸ்' தமிழின் முதற் பேசும்படம் என்று போற்றப்படுவது வழக்கம். ஆயினும் அதன் உண்மை இயல்பை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. அப்படத்தில் தலைவி தமிழிற் பேசினார். தலைவனாய் நடித்தவர் தெலுங்கிற் பேசினார். வேறு சில பாத்திரங்கள் இந்தியிற் பேசின. கதையோடு இயைபில்லாத குறத்தி நடனம் ஒன்றும், தேசியப் பாட்டுக்களும், தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனங்களும் இடையிடையே சேர்க்கப்பட்டன. காந்தியடிகளின் கைராட்டினத்தைப் புகழ்ந்து மதுரை பாஸ்கரதாஸ் இயற்றிய பாட்டும் அதில் இருந்தது. அடிகள் வட்டமேசை மகாநாட்டின் பொருட்டு இலண்டனில் இருந்த காலம் அது. தணிக்கை உள்ள நாளில், காளிதாசன் கதையின் நடுவே ராட்டினம் சுழன்றதன் காரணத்தை அன்பர்களே உய்த்துணர்க.

ஒருவர் தமிழிற் கேட்க, மற்றவர் தெலுங்கில் விடை சொல்வது இன்று நமக்கு விந்தையாய்த் தோன்றலாம். தங்கசாலையில் வாழ்ந்தவர்க்கு அது விந்தையன்று. அஃது அவர்தம் தெருவின் பேச்சே. நம் திருத்தணியார்க்கும் அது விந்தையன்று. நம் சந்தையில் இன்றும் ஒருவர் தமிழில் விலை கேட்பதும் மற்றவர் தெலுங்கில் விலை சொல்வதும், இருவரும் ஐயமின்றிப் பொருள் கொள்வதும் நாடோறும் காணும் காட்சியன்றோ?

பின்னாளில் இவ்விரு மொழியாரிடையே எல்லைப் பிணக்கு நேர்ந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர ராஜ்யம் அமைந்தபோது, சித்தூர் ஜில்லாவொடு நம் ஊரும் அதன்பாற் சென்றது. ம. பொ. சிவஞான கிராமணியாரும், எம் போன்ற தமிழாசிரியர்க்கெல்லாம் வழிகாட்டியாகிய மங்கலங்கிழாரும் வடவெல்லைக்காகப் பாடுபட்டனர். படாஸ்கர் என்பார் நடுநின்று கூறிய முடிவின்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி மீண்டும் நம் இராச்சியத்தைச் சேர்ந்தது. அப்போராட்டத்தின் நியாயத்தை யாம் சிறிதும் குறைத்துக் கூறோம். ஆயினும், அதற்கு இருபத்தொன்பது ஆண்டுக்கு முன்னர், ஒரு கூரையின் கீழ் ஒரே படத்தில் இரு மொழியும் உரையாடின. கேட்டவரும் ஒருங்கே மகிழ்ந்தனர் என்பதும் மறக்கத் தக்கதன்று. எல்லை வகுத்தல் அரசியலுக்கு வேண்டப்படுவது. அண்டை வீட்டாரின் பேச்சைச் செவிமடுத்தல் வாழ்க்கைக்கு வேண்டப்படுவது.

தலைவியாய் நடித்த அம்மையாரைப் பற்றியும் ஒரு சொல். திருவையாற்றிற் பிறந்து, இளமையிலேயே துன்பம் பல உழந்து, நாடகக் கம்பெனியிற் சேர்ந்து புகழெய்திய ராஜலக்ஷ்மி அம்மையார், 1936-இல் 'மிஸ் கமலா' என்னும் படத்தைத் தாமே இயக்கினார். தமிழ்ப் படத்தை இயக்கிய முதற் பெண்மணி அவரே. குலமகளிர் கொட்டகைக்குச் செல்லுதலே இழுக்கெனப் பலரும் கருதிய நாளில் அவர் இச்செயல் செய்தார் என்பதை நம் பெண்மக்கள் அறிதல் நலம்.

தரையும் பெஞ்சும் நாற்காலியும்

இனிக் கொட்டகையின் உள்ளமைப்பைக் கூறுவோம். எம் கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

அக்காலத்துக் கொட்டகைகளில் திரைக்கு மிக அணித்தாய் இருப்பது தரை. அதற்குக் கட்டணம் மிகக் குறைவு, சில அணாக்களே. அதற்குப் பின் முதுகுச் சாய்வு இல்லாத பெஞ்சு. அதற்கும் பின் நாற்காலி. சில கொட்டகைகளிற் சோபாவும் உண்டு. பெண்டிர்க்குத் தனியிடம் இருக்கும். இரண்டு கரிக்குச்சிகளினிடையே மின்சாரம் பாய்ந்து எழும் வெள்ளொளி, ஓடும் சுருளின் வழியே திரையிற் பாயும். பேசும்படச் சுருள் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடுவது. 1,000 அடி கொண்ட ஒரு சுருள் பதினொரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரே பொறியுள்ள கொட்டகையிற் சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கெரியும். அவ்விடைவேளையில் முறுக்கும் சோடாவும் விலையாகும். தரையார் நாற்காலியாரைத் திரும்பிப் பார்ப்பர். நாற்காலியார் தரையாரைப் பாராதவர் போல் இருப்பர்.

இதில் யாம் கண்ட புதுமை யாதெனின், இருக்கையின் உயர்வு தாழ்வு கட்டணத்தால் அமைந்ததேயன்றிப் பிறப்பால் அமைந்ததன்று என்பதாம். அந்நாளில் நம் நாட்டிற் கோயிலில் நிற்கும் இடம் பிறப்பால் வகுக்கப்பட்டிருந்தது. குளத்திற் படித்துறை பிறப்பால் வகுக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டு விடுதியிற் பந்தியும் பிறப்பால் வகுக்கப்பட்டிருந்தது. கோயில்களில் எல்லாரும் நுழைதற்கு வழி செய்த சென்னைச் சட்டம் 1939-இலேதான் வந்தது. அதற்கு எட்டாண்டு முன்னரே, சில அணா உடையார் எவரும் கினிமா சென்ட்ரலின் தரையில் அமர்ந்து காளிதாசனைக் காணும் நிலை பிறந்துவிட்டது. விளக்கணைந்த பின் பக்கத்தில் இருப்பவர் இன்னார் என்று எவர் அறிவார்? அவர் நகைத்தால் நாமும் நகைப்போம். அவர் அழுதால் நமக்கும் கண் கலங்கும்.

இதனை மிகைப்படுத்திக் கூறுதலும் தவறாம். பணம் என்பதும் ஒரு மதிலே. நாற்காலிக்குப் பணம் உடையார் பெரும்பாலும் எவர் என்பதும், தரைக்கும் பணம் இல்லாதார் எவர் என்பதும் நாம் அறிந்தனவே. எல்லாக் கொட்டகைகளிலும் எல்லாரும் தடையின்றிப் புகுந்தனர் என்று சொல்லவும் இயலாது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, மதம், சாதி, பால், பிறப்பிடம் முதலியவை பற்றி எவரையும் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் பொதுக் களியாட்ட இடங்களிலும் நுழையாவண்ணம் தடுத்தல் கூடாது என்று விதிக்கின்றது. தடுப்பாரே இல்லையாயின் அவ்விதி எழுதப்பட்டிராதன்றோ? ஆயினும், மதிலிற் பிளவு எங்கெங்கே முதலில் உண்டாயிற்று என்று ஆராய்வார்க்கு, இருப்புப்பாதை வண்டிக்கு அடுத்தபடியாகப் படக்கொட்டகையின் தரை தோன்றாமற் போகாது.

மறைவு

அத்தகைய கொட்டகை இன்று இல்லை. முருகன் டாக்கீஸ் என்னும் பெயரொடு பல்லாண்டு படம் காட்டிய பின், அங்குக் காட்சிகள் நின்றுபோயின. ரகுபதி வெங்கையாவின் கெயிட்டியும் மறைந்தது, கிரௌனும் மறைந்தது, குளோப் பின்னாளில் ராக்ஸி எனப் பெயர் பூண்டு, அதுவும் மறைந்தது.

இக்கொட்டகைகள் மறைந்தமைக்குக் காரணம் பல. 1975-இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் ஏற்பட்டது. படம் வீட்டுக்குள் வந்தது. 1980-களில் வீடியோ நாடாக்கள் பெருகின. 1990-களில் செயற்கைக்கோள் வழி ஒளிபரப்புக்கள் வந்தன. பின்னர்ச் சுருளே ஒழிந்து கணிப்பொறி வழிப் படங்காட்டும் முறை வந்தபோது, புதுக் கருவி வாங்கப் பொருளில்லாத பழங்கொட்டகைகள் தளர்ந்தன. அங்காடி மாளிகைகளுள் ஒன்றுக்குப் பல திரைகளாகச் சிறு கொட்டகைகள் எழுந்தன. ஆயிரவர் அமரும் இடத்தினும் நூற்றுவர் அமரும் பல இடங்கள் ஊதியம் மிகத் தந்தன. 2020-இல் வந்த பெருந்தொற்றால் பல திங்கள் கொட்டகைகள் பூட்டிக் கிடந்தன. அவற்றுட் சில மீண்டும் திறக்கப்படவேயில்லை.

ஜார்ஜ் டவுன் போன்ற பேட்டைகளுக்கு இவற்றினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. அங்குள்ள வீடுகள் நாளடைவிற் கிடங்குகளாகவும் மொத்த வியாபாரக் கடைகளாகவும் மாறின. குடியிருந்தோர் பலர் நகரின் புறம்பே சென்று குடியேறினர். மாலையில் இரவுச் சாப்பாடு முடித்துப் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு நடந்தே படம் பார்க்க வருபவர்களால் வாழ்வது பேட்டைக் கொட்டகை. இரவில் ஆளில்லாத பேட்டையில் அது வாழ்தல் எங்ஙனம்? நிலத்தின் விலையோ நாடோறும் ஏறிற்று. அவ்வாறிருக்க, உரிமையாளரை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

கட்டடம் போனால் போகட்டும், படமேனும் நின்றதோ எனின், அதுவும் இல்லை. 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று கிடைத்திலது. அக்காலத்துச் சுருள் நைட்ரேட் என்னும் பொருளாற் செய்யப்பட்டது. அஃது எளிதிற் தீப்பற்றும். தீப்பற்றாவிடினும் நாளடைவில் தானே சிதைந்து பொடியாகும். சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்தற்கென்று அழிக்கப்பட்டவையும் பல. பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் நிறுவப்பட்ட 1964-ஆம் ஆண்டுக்குள் பெரும்பாலான பழம் படங்கள் அழிந்துவிட்டன. சங்க நூல்களைச் செல்லரித்த ஏடுகளினின்று மீட்க ஒரு சாமிநாதையர் தோன்றினார். சுருள்களுக்கு உரிய காலத்தில் ஒருவர் தோன்றினாரல்லர். ஆயிரம் ஆண்டு வாழ்ந்த பாட்டு நம்மிடம் உள்ளது; நூறாண்டும் நிறையாத படம் நம்மிடம் இல்லை.

இதற்கு மாறாக ஒரு விந்தையையும் கூறுதல் வேண்டும். 1913-இல் எழுந்த எலெக்டிரிக் தியேட்டரிற் படங்காட்டல் சில ஆண்டுகளிலேயே நின்றது. அதனை 1915-இல் தபால் இலாகாவார் விலைக்கு வாங்கினர். அதனாலேயே அக்கட்டடம் அண்ணா சாலைத் தபால் நிலையத்தின் ஒரு பகுதியாய் இன்றும் நிற்கின்றது. வேறொரு பயன் கிடைத்த கட்டடம் பிழைத்தது. தன் தொழிலையே கடைசிவரை செய்த கட்டடம் மறைந்தது. பழையதொன்றைக் காக்க விரும்புவோர் அதற்குப் புதியதொரு பயனும் தேடித்தருதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

நம் கடமை

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறுவோம். படக்கொட்டகைக்கும் குலச் சங்கத்து இதழுக்கும் யாது இயைபு?

நம் சங்கம் நம்மவரின் வரலாற்றைக் காத்தற்கென ஏற்பட்டது. நம்மவர் கட்டிய சத்திரத்தையும், எடுத்த திருவிழாவையும், எழுதிய நூலையும் நாம் குறித்து வைக்கின்றோம். அவை நமக்கு உரியன. அவற்றைக் காக்க நாம் இருக்கின்றோம். பிற குலத்தார்க்கு உரியவற்றைக் காக்க அவர்தம் சங்கங்கள் உள. ஆயின் எல்லார்க்கும் உரிய இடங்களின் வரலாற்றைக் காக்கும் சங்கம் எது? எவர்க்கும் தனியுரிமை இல்லாமையாலேயே அவை எவராலும் குறிக்கப்படாமல் மறைகின்றன. நம் பாட்டனார் தம் வாழ்நாளிற் பிற குலத்தாரோடு தோளொடு தோள் உரசி ஒருங்கிருந்த இடங்கள் எத்தனை? அவற்றை எண்ண ஒரு கையின் விரல்கள் போதும். அச்சிலவற்றுள் ஒன்றையும் நாம் எழுதாது விடுவோமாயின், நம் குலம் தனித்தே வாழ்ந்தது என்னும் பொய் வரலாற்றைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றவராவோம். தன்னை மட்டும் எழுதும் குலம் தன்னையும் முழுமையாய் எழுதியதாகாது.

ஆகவே நம் அன்பர்களுக்குச் சில விண்ணப்பங்கள் செய்கின்றோம். முதலாவது, எழுபது வயது கடந்த பெரியோர், தாம் இளமையிற் கண்ட கொட்டகைகளைப் பற்றித் தம் மக்களிடம் விரிவாய்ச் சொல்லுதல் வேண்டும்: அது கீற்றுக்கொட்டகையா, ஓட்டுக்கட்டடமா, கட்டணம் யாது, தரையில் யாவர் அமர்ந்தனர், எவரேனும் தடுக்கப்பட்டனரா, தமிழ்ப் படம் எத்தனை நாளும் தெலுங்குப் படம் எத்தனை நாளும் ஓடின என்பனவற்றை மறையாமற் கூறுக. இரண்டாவது, கேட்ட பிள்ளைகள் அவற்றை நாளும் பெயரும் குறித்து எழுதி வைக்க. மூன்றாவது, வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் பழைய பாட்டுப் புத்தகம், விளம்பரத் தாள், டிக்கட்டின் அடிக்கட்டை முதலியன கிடைப்பின், குப்பை என்று எறியற்க. கொட்டகை வாயிலிற் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகமே சில படங்களுக்கு இன்று எஞ்சிய ஒரே சான்று. சென்னையில் 1994-இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிலையங்கள் அத்தகைய தாள்களையும் ஏடுகளைப் போலவே போற்றிக் காக்கின்றன. நம் இதழுக்கு அனுப்பப்படும் குறிப்புக்களை யாமும் திருத்திச் செம்மை செய்து தர உடன்படுகின்றோம்.

தைப்பூசத்துக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் நம் மலையேறி வருவார்தம் காவடிகளை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்தம் குலம் யாதென்று படிகள் வினவுவதில்லை. ஏறுவாரையெல்லாம் ஏற்றுக் கொள்கின்றன. இருள் சூழ்ந்த ஒரு பழங்கொட்டகையின் தரையும் ஒரு காலத்தில் அவ்வாறே அமர்ந்தாரையெல்லாம் ஏற்றுக்கொண்டது. அதற்குக் கல்வெட்டு இல்லை. நம் நினைவே அதற்குக் கல்வெட்டு ஆகுக.

தணிகைவேள் திருவருள் முன்னிற்பதாக.